துத்தநாகத் தொட்டி

திருச்சினாப்பள்ளி
26-1-1939

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் பெயருக்கு நேராகக் கடிதம் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். எழுதலாமா வேண்டாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். அண்ணனுக்கு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. தீபாவளிக்கு வந்தபோது அவர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றேன், பள்ளிக்கூட வேலையையும் விட மாட்டேன் என்றேன். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. தபால்காரர் வாசலில் நின்று உங்கள் பெயரைக் கூவுவது உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

வில்லியனூர் ஜவுளிக்கடை ஏகநாதன் சரக்கு எடுக்க இங்கே வந்திருந்தார். கடைவீதியில் என்னை அடையாளம் கண்டு நிறுத்தி, "உங்க வூட்டு ஆலையில சாறு குடிச்சவங்க இருபது பேரு வாந்தி எடுத்தாங்களாமே, ஆதிமூலத்தை வேலைய வுட்டு நிறுத்திட்டாங்களாமே?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

குழந்தை வசந்தா குடித்தாளா? நீங்கள்? எல்லோரும் நன்றாக இருக்கிறீர்களா? ஆதிமூலம் நம் கரும்பு ஆலையில் பத்து வருஷத்துக்கு மேலாக வெல்லம் காய்ச்சுகிறவர். அவரை ஏன் நிறுத்தினார்கள்?

நான் நலம். விடுதி அறையில் என்னோடு இருக்கும் ஆசிரியை நான் சத்தமாகப் பேசியே கேட்டதில்லை என்கிறாள்.

இரண்டு வரி எழுதினாலும் போதும்.

உங்கள்
அமுதம்

*

கிருமாம்பாக்கம்
30-1-39

அமுதத்துக்கு அண்ணி தையலம்மாள் எழுதிக்கொள்வது. இங்க எல்லாரும் சௌக்கியம். வசந்தாவும் சௌக்கியம். மொதல்ல அதைச் சொல்லிட்டேன், இனிமே நிதானமா படி.

தபால்காரரு என் பேரைக் கூவுனதுக்கு நான் ஒண்ணும் வெக்கப்படல. எதுத்த வூட்டுக்காரி எட்டிப் பாத்து, "இன்னா தையலு, உனக்குமா கடுதாசி வருது?"ன்னா. "ஏன், கவர்னர் துரை எழுதியிருக்காரு, வந்து படிச்சிச் சொல்லேன்"னேன். உள்ள போயிட்டா. பாகூர்ல அஞ்சாவது வரைக்கும் படிச்சது இதுக்காவது ஆச்சு.

நடந்ததைச் சொல்றேன். தை மொத வெள்ளிக்கிழமை மாட்டைக் கட்டி ஆலை பூட்டுனோம். அன்னைக்கு கொட்டாய்க்கு யாரு வந்தாலும் சாறு குடுக்கணும், இல்லேன்னு சொல்லக்கூடாது, உனக்குத் தெரியும். வருஷா வருஷம் மாடு சுத்தச் சுத்த, சொம்பைக் கையில வச்சிக்கினு நிப்பாங்க. இந்த வருஷம் உங்க அண்ணன், ஜனங்க ஏன் காத்திருக்கணும்னு மொத நாள் பொழுது சாயவே ஆட்டி, புதுத் தொட்டி நிறைய ரொப்பி வச்சிட்டாரு. தொட்டின்னா நீ தீபாவளிக்குச் சொன்னியே, சாறு புடிக்கிற மண் சாலு நாறுது, ஈ மொய்க்குது, தகரத் தொட்டின்னா கழுவ சுலபம்னு, அந்தத் தொட்டிதான். உன்கூட பேசறதில்லைன்னு மூஞ்சைத் தூக்கிக்கினு இருந்தவரு, நீ ரயில் ஏறுன மறுவாரமே பாண்டிக்கு வண்டி கட்டிப் போயி வாங்கியாந்தாரு. கேக்கறவங்களுக்கெல்லாம் தன் யோசனைன்னுதான் சொன்னாரு. நான் வாயத் தெறக்கல.

ருசிக்குன்னு நூறு எலுமிச்சம்பழமும் இஞ்சியும் தட்டிப் போட்டோம். மறுநாள் பூசை முடிஞ்சி உச்சிவேளைக்குத்தான் ஊத்துனோம். வாயில வச்சவங்க, "இன்னாடி இது, ஒரு மாதிரி துவர்க்குது, காசை வாயில போட்டாப்புல இருக்குது"ன்னாங்க. இஞ்சி அதிகம்னு நான்தான் சொன்னேன். ஒரு நாழி ஆவறதுக்குள்ள ஒருத்தர் ஒருத்தரா வரப்புல குந்திட்டாங்க. பனித்திட்டுலேருந்து கருவாடு கொண்டாந்த கிழவி கூடையோட சாஞ்சிட்டா. வசந்தா நாலு தடவை எடுத்தா. நானும்தான். சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் தெளிஞ்சிடுச்சி, தெய்வ புண்ணியம்.

அப்புறம்தான் கூச்சல். சிங்காரவேலு இருக்காரே, அடுத்த காணிக்காரரு, அவரு சொன்னாரு: "தொட்டியில சக்கை மெதந்துதுன்னு ஆதிமூலம் கைய வுட்டு எடுத்தான், நான் பாத்தேன், கை பூரா சுண்ணாம்பு." அவ்ளோதான். ஆளாளுக்குப் புடிச்சிக்கினாங்க. ஆதிமூலம் வெல்லத்துக்கு சுண்ணாம்பு போடற ஆளு, எப்பவும் கையில சுண்ணாம்பு இருக்கத்தான் செய்யும். அவரு, "எடுத்தது நெசம். சுண்ணாம்பு வெல்லத்துல தெனமும் விழுது, யாரு செத்தா?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டாரு. அப்புறம் வெல்லம் கிண்டற துடுப்பைக் கழுவி வச்சிட்டுப் போயிட்டாரு.

இப்ப தவளக்குப்பத்துலேருந்து ஒரு ஆளு வந்து காய்ச்சறான். வெல்லமா அது? இலையில வச்சா ஓடுது. உங்க அண்ணன் தெனமும் அதைப் பாத்து மொறைக்கிறாரு, வெல்லத்தையா ஆளையான்னு தெரியல.

ஒடம்பைப் பாத்துக்கோ. நேரத்துக்குச் சாப்பிடு.

தையலம்மாள்

*

திருச்சினாப்பள்ளி
4-2-1939

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். உடனே எழுதியிருந்தால் ஆதிமூலத்துக்காக வருத்தப்பட்டு நாலு வரி எழுதி முடித்திருப்பேன். வேறு வேலை வந்துவிட்டது. மறுநாள் நடந்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் இந்த வருஷம் ரசாயனத்தைத் தமிழில் நடத்துகிறோம். வியாழக்கிழமை பாடம், அமிலம் உலோகத்தின் மேல் பட்டால் என்ன ஆகும் என்பது. அமிலம் என்பது திராவகத்துக்குப் புதுப் பெயர். கந்தகத் திராவகம் சென்னையிலிருந்து இன்னும் வரவில்லை. பிள்ளைகளை வெறும் கரும்பலகையைப் பார்க்க வைக்க மனம் வராமல், எலுமிச்சம்பழச் சாற்றை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றினேன். தீர்ந்துபோன டார்ச் விளக்கு பாட்டரியின் கூடு துத்தநாகத் தகடு. அதை வெட்டி உள்ளே போட்டேன். பத்து நிமிஷத்தில் தகட்டின் மேல் கடுகைவிடச் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. "அமிலம் உலோகத்தைக் கரைத்துக்கொள்கிறது, அதிலிருந்து ஹைட்ரஜன் என்ற ஜலவாயு வெளியே வருகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

முன் பெஞ்சில் ஒரு பெண், "அப்போ எலுமிச்சம்பழமும் திராவகந்தானா டீச்சர்? நாங்க குடிக்கிறோமே?" என்றாள்.

ஆமாம் என்றேன். மணி அடிக்கும்வரை கரும்பலகையைத் துடைத்தேன்.

அண்ணி, தொட்டி வெறும் இரும்புத் தகரம் இல்லை. துருப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் துத்தநாகம் பூசியிருக்கும். அந்தப் பளபளப்பு அதுதான். கரும்புச் சாற்றிலேயே கொஞ்சம் புளிப்பு உண்டு. ராத்திரி முழுக்க வைத்திருந்தால் இன்னும் புளிக்கும். அதோடு நூறு எலுமிச்சம்பழம். சர்க்கரையின் இனிப்பு அந்தப் புளிப்பை நாக்குக்குத் தெரியாமல் மூடிவிடும், ஆனால் தகரத்துக்குத் தெரியாமல் மூடாது. துத்தநாகம் கரைந்த சாற்றைக் குடித்தால் நாக்கு துவர்க்கும், குமட்டும், வாந்தி வரும். புத்தகத்தில் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைப் படித்துத் தேறியவள். திராவகம் என்றால் சீசாவில் மண்டையோட்டுப் படம் ஒட்டி வரும் என்றே நினைத்துக்கொண்டிருந்துவிட்டேன். நம் ஆலைச் சாறு அப்படி எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. எனக்காக ஒன்று செய்து பார்ப்பீர்களா? தொட்டிக்குள் சாறு நின்ற உயரம்வரை பளபளப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எலுமிச்சம்பழச் சாற்றை ஒரு மண் அகலில் கொஞ்சம், தொட்டியின் அடியில் கொஞ்சம் ஊற்றி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் இரண்டையும் நாக்கு நுனியில் மட்டும் தொட்டுப் பார்த்துத் துப்பிவிடுங்கள். விழுங்க வேண்டாம். தயவுசெய்து வசந்தா செய்ய வேண்டாம்.

உங்கள்
அமுதம்

*

கிருமாம்பாக்கம்
10-2-39

அமுதத்துக்கு,

செய்யச் சொன்னியே, செஞ்சேன். தொட்டி மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால கவுந்து கெடக்குது. நிமித்திப் பாத்தேன். மேல ஒரு சாண் புதுசா மின்னுது, அதுக்குக் கீழ பூரா சாம்பல் பூசுனாப்புல மங்கிப் போயிருக்குது. ஊத்தி வச்சேன். காலையில அகல்ல இருந்தது புளிச்சது, அவ்ளோதான். தொட்டியில இருந்ததை நாக்குல தொட்டதும் அன்னைக்கு வந்த அதே காசு ருசி. துப்பு துப்புன்னு துப்பி ரெண்டு சொம்புத் தண்ணி கொப்புளிச்சேன். வசந்தா பாத்துட்டு, "அம்மா, இன்னா தொட்டிய நக்கறே?"ன்னா. "உங்க அத்தை பரீட்சை வச்சிருக்கா"ன்னேன்.

அப்போ நீ சொன்னதுதான் சரி. ஆதிமூலம் மேல தப்பு இல்ல.

இன்னொண்ணு. அந்தத் தொட்டியக் கவுத்துப் போட்டது உங்க அண்ணன். யாரும் சொல்லல. ஒரு நாளு வெரலை மடக்கி அதைத் தட்டித் தட்டிப் பாத்துக்கினு நின்னாரு, அப்புறம் தானே உருட்டிக்கினு போயி கவுத்தாரு. அவருக்கும் தெரியும்னு நெனைக்கிறேன். கேக்க எனக்கு தெகிரியம் இல்ல.

இப்ப நான் சொல்றதைக் கேளு. இதை வெளிய சொல்லாத. கையெடுத்துக் கும்புடறேன். வசந்தாவ ஆனி மாசம் கூடலூர் பள்ளிக்கூட விடுதியில சேக்கறதுக்கு அவரு இப்பத்தான் அரை மனசா தலையாட்டியிருக்காரு. நீ பி.ஏ. பாஸ் பண்ணி வந்தப்ப இந்த ஊர்ல பேசுன பேச்சு உனக்கு மறந்திருக்காது. "பொட்டப்புள்ளைய படிக்க வச்சாரு, அவ கல்யாணம் வேணாம்னு போயிட்டா"ன்னு இப்பவே பேசறாங்க. இனிமே, "அவ படிச்ச படிப்பாலதான் ஊரே வாந்தி எடுத்துச்சி"ன்னு ஆவும். சிங்காரவேலு ஒருத்தரே போதும். அப்புறம் என் பொண்ணு ஸ்லேட்டைத் தூக்கிப் பரண்ல வைக்க வேண்டியதுதான்.

ஆதிமூலத்துக்கு நான் எதாவது வழி பண்றேன். அரிசி குடுத்தனுப்பறேன். வருஷம் போனா ஜனங்க மறந்துடுவாங்க. நீ பேசாம இரு.

தையலம்மாள்

*

திருச்சினாப்பள்ளி
14-2-1939

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னபடி யாரிடமும் சொல்லவில்லை.

இன்றைக்குப் பாடம் அமிலமும் காரமும். சங்குப்பூவைக் கசக்கி நீலச் சாறு எடுத்தோம். எலுமிச்சம்பழம் விட்டால் சிவந்தது. அதில் சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மறுபடி நீலத்துக்கு வந்தது, இன்னும் விட்டால் பச்சை. புளிப்பைச் சுண்ணாம்பு அடக்கிவிடுகிறது. தவளக்குப்பத்து ஆளின் வெல்லம் ஓடுகிறது என்றீர்களே, அதற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். சாற்றின் புளிப்பு அடங்காமல் காய்ச்சினால் வெல்லம் கட்டாது. ஆதிமூலம் சாற்றை வாயில் விட்டுப் பார்த்து, நுரையைப் பார்த்து, எத்தனை விரல் சுண்ணாம்பு என்று சொல்லுவார்.

அவர் கையில் இருந்த சுண்ணாம்பு அன்றைக்குத் தொட்டியில் விழுந்தே இருந்தாலும் கெடுதல் அதனால் வந்திருக்காது. இன்னும் ஒரு கை விழுந்திருந்தால் புளிப்பு குறைந்து, வாந்தியும் குறைந்திருக்குமோ என்னவோ. பிள்ளைகள் பச்சை நிறத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள். எனக்கு இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. உங்களைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

வசந்தா படிக்க வேண்டும் என்று உங்களைப் போலவே எனக்கும் ஆசை.

உங்கள்
அமுதம்

*

கிருமாம்பாக்கம்
22-2-39

அமுதத்துக்கு,

உன் கடுதாசியில திட்டு ஒண்ணும் இல்ல, ஆனா படிச்சதுலேருந்து எனக்குத் திட்டு வாங்குனாப்புலதான் இருக்குது. நீ சின்ன வயசுலேருந்தே இப்படித்தான். வாயத் தெறக்காம எதிர்ல நின்னுக்கினே இருப்ப.

அரிசி குடுத்தனுப்பறேன்னு சொன்னேனே, அனுப்பினேன். கலியம்மாள், ஆதிமூலம் பொண்டாட்டி, அதைக் கொண்டாந்து திருப்பிக் குடுத்துட்டா. "எதுக்கும்மா இது?"ன்னு கேட்டா. அப்புறம் அவளே, "தப்பு பண்ணவருன்னா வேலை வேணாம், சோறும் வேணாம். தப்பு பண்ணலைன்னா அதை ஒரு வார்த்தை சொல்லுங்க, சோறு நாங்க பாத்துக்கறோம்"னா. கோவமா சொல்லல. முந்தானையால மூஞ்சைத் தொடச்சிக்கினு சாதாரணமா சொல்லிட்டுப் போனா.

ஆலை ஓடறது ரெண்டு மூணு மாசம், வருஷம் பூரா அதை வச்சித்தான் அவங்க. பாகூர்லயும் ஒருத்தரும் கூப்புடல. தெருவுல பசங்க அவரைப் பாத்தா வயித்தைப் புடிச்சிக்கினு வாந்தி எடுக்கறாப்புல ஆடறானுங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, அதாவது மாசி மகத்துக்கு ரெண்டு நாளு முன்ன, குடும்பத்தோட விழுப்புரத்துக்கு அந்தாண்ட மாமியார் ஊருக்குப் போறாங்களாம். அங்க கரும்பே கெடையாது. இன்னா வேலை செய்வாருன்னு கேட்டேன். எதையாவதுன்னா.

நேத்து சாப்பாடு போடறப்ப உங்க அண்ணன் கிட்ட மெதுவா சொன்னேன், ஆதிமூலம் போறாருன்னு. கையைக் கழுவிட்டாரு, பாதி சோத்துல. "அவன் போவக் கூடாது"ன்னாரு. "அப்போ போயி சொல்லுங்களேன்"னேன். "இன்னான்னு சொல்றது?"ன்னாரு.

வசந்தா உன் பழைய வாசகப் புஸ்தகத்தை எழுத்துக் கூட்டாம படிக்கிறா. எனக்கு இன்னா செய்யறதுன்னு தெரியல அமுதம். நீ படிச்சவ, நீ சொல்லு. பேசாம இருன்னு நான் சொன்னது சொன்னதுதான், ஆனா அதைச் சொன்ன வாயால இப்ப இதையும் கேக்கறேன்.

தையலம்மாள்

*

திருச்சினாப்பள்ளி
25-2-1939

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதம் செவ்வாய்க்கிழமைக்குள் உங்கள் கைக்கு வந்துவிடும் என்று தபால் ஆபீசில் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைக்கு முன் வர எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. சனிக்கிழமை காலை வண்டியில் கிளம்பி வருகிறேன். அண்ணன் வீட்டுக்குள் விடாவிட்டால் ஆலைக் கொட்டாய்க்கு வருகிறேன். அங்கே வருகிறவர்களை இல்லை என்று சொல்லக்கூடாது அல்லவா? இதை எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. பயமும் இருக்கிறது.

இதோடு தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் இருப்பதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்கக் கூடாது.

"கிருமாம்பாக்கம் ஊராருக்கு, சிவப்பிரகாசத்தின் தங்கை அமுதம் எழுதுவது. தை முதல் வெள்ளிக்கிழமை எங்கள் ஆலையில் சாறு குடித்தவர்களுக்கு வாந்தி வந்ததற்குக் காரணம் தகரத் தொட்டி. புளித்த சாறும் எலுமிச்சம்பழமும் தொட்டியில் பூசியிருந்த துத்தநாகத்தைக் கரைத்துவிட்டன. அந்தத் தொட்டியை வாங்கச் சொன்னது நான். புளிப்பு அதில் நிற்கக் கூடாது என்பது நான் படித்த பாடம். படித்திருந்தும் எனக்கு அது அந்த நேரத்தில் தோன்றவில்லை. என் அண்ணன் என் பேச்சை நம்பி வாங்கினார். ஆதிமூலம் அவர்கள் கையாலோ, சுண்ணாம்பாலோ ஒரு கெடுதலும் வரவில்லை. சந்தேகம் உள்ளவர்கள் எலுமிச்சம்பழச் சாற்றை ஒரு ராத்திரி அந்தத் தொட்டியில் வைத்து நாக்கு நுனியில் தொட்டுப் பார்க்கலாம். விழுங்க வேண்டாம். சாற்றை இனிமேல் மண் சாலில் பிடியுங்கள், தினமும் வெந்நீர் ஊற்றிக் கழுவினால் போதும். தொட்டியை மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வைத்துக்கொள்ளலாம், வெறும் தண்ணீருக்கு அது நல்ல தொட்டி. வாந்தி எடுத்த ஒவ்வொருவரிடமும், முக்கியமாக ஆதிமூலம் அவர்களிடமும் கலியம்மாளிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்."

இதை ஐந்து தடவை எழுதினேன். முதல் நான்கில் துத்தநாகத்தைப் பற்றியே ஒரு பக்கம் இருந்தது. என்னைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது.

அண்ணன் என்னிடம் பேசாமல் இருந்தும் என் பேச்சைக் கேட்டுப் பாண்டிக்கு வண்டி கட்டிப் போனார் என்று நீங்கள் எழுதியதை நான் பல தடவை படித்தேன். அவருக்குத் தலைகுனிவு வரக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறேன். "இன்னான்னு சொல்றது" என்று கேட்டாரே, இதைச் சொன்னால் போதும் என்று அவரிடம் காட்டுங்கள்.

வசந்தாவைப் பற்றி நீங்கள் பயப்படுவது சரிதான். பேசத்தான் பேசுவார்கள். அண்ணன் மனம் மாறினாலும் மாறலாம். அப்படி நடக்காது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் நாம் பேசாமல் இருந்தால் அவள் கூடலூரில் உட்கார்ந்து படிக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஆதிமூலம் வீடு காலியாக வேண்டியிருக்கும். அதை அவளுக்குத் தெரியாமல் வைத்திருப்போம், அது இன்னும் மோசம். அவள் பெரியவளாகி இதே பாடத்தைப் படிக்கும்போது, அன்றைக்குத் தொட்டியை நக்கிப் பார்த்த அம்மா ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று தானாகவே கண்டுபிடித்துவிடுவாள். அவள் கெட்டிக்காரி.

அவளைக் கூடலூருக்கு அனுப்ப மாட்டேன் என்று அண்ணன் சொன்னால், நான் சண்டை போடுவேன். இந்தத் தடவை சத்தமாகவே போடுவேன்.

அண்ணி, முதல் வரியிலேயே எழுத நினைத்த ஒன்றைக் கடைசிவரை தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் மாடு அவிழ்த்த பிறகு எல்லோரையும் ஆலைக் கொட்டாய்க்குக் கூப்பிடுங்கள். ஆதிமூலத்தையும் கலியம்மாளையும் முன்னால் உட்கார வையுங்கள். தாளை நீங்கள் படிக்க வேண்டாம், அண்ணனும் வேண்டாம். அதற்கு முன் வசந்தாவிடம் தனியாகக் கொடுத்து, இதைப் படித்தால் உன் படிப்பு நின்றாலும் நிற்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள். சரி என்றால், அவளை எழுந்து நிற்கச் சொல்லி, கடைசி ஆளுக்கும் கேட்கும்படி முழுவதையும் அவளையே படிக்கச் சொல்லுங்கள்.

உங்கள்
அமுதம்